அழுத்துவதற்கும் பேசுவதற்கும் இடையே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புயல் காலத்தில் செல்பேசிக் கோபுரங்கள் சாய்ந்துவிட்டால் பயன்படட்டும் என்று நம் மாவட்டக் கடலோரக் கல்லூரி ஒன்றில், உரிமம் பெற்ற ஆர்வலர்கள் இயக்கும் அமெச்சூர் வானொலி நிலையம் அமைத்திருப்பதைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்து மகிழ்ந்தேன். உடன் வெளியான படத்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறையும் பார்த்தேன். கம்பத்தின் உச்சியில், ஆன்டெனாவுக்குச் சற்றுக் கீழே, ஒரு சிறிய வெள்ளைப் பெட்டி தெரிந்தது. வருகின்ற சிக்னலை அங்கேயே பெருக்கிக் கீழே அனுப்பும் ப்ரீஆம்ப் அது. மேசையின் மேல், அனுப்பவும் கேட்கவும் உதவும் டிரான்ஸீவரும், அதன் அருகில், அனுப்பும் திறனைக் கூட்டும் பவர் ஆம்ப்ளிஃபயரும் இருந்தன. இந்த மூன்றுக்கும் நடுவே இருந்தாக வேண்டிய நான்காவது பெட்டி ஒன்றை மட்டும் எவ்வளவு தேடியும் காணவில்லை. பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம் என்ற பொருளில் செய்தியில் ஒரு வரி இருந்தது. அந்த அழுத்தலுக்கும் பேச்சுக்கும் இடையில் என்ன நடக்கிறது, எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

நிலையத்துக்கு ஆன்டெனா ஒன்றுதான். கேட்பதும் அதன் வழியே, அனுப்புவதும் அதன் வழியே. கேட்கும்போது அதில் வரும் மின்னழுத்தம் ஒரு மைக்ரோவோல்ட்டின் ஐந்தில் ஒரு பங்காக இருந்தாலும் நல்ல ரிசீவரில் பேச்சு புரியும். அனுப்பும்போதோ, 100 வாட் திறன் 50 ஓம் கேபிளில் ஏறினால் 70 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ஒன்றைவிட மற்றது ஏறத்தாழ 35 கோடி மடங்கு. இந்த இரண்டையும் ஒரே கம்பியில் மாறி மாறிக் கொண்டுபோகும் வேலையைச் செய்வது, பெருவிரல் அளவேயுள்ள ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். மின்சாரம் பாய்ந்ததும் அதன் தகடு நகர்ந்து மறுபக்கத் தொடுமுனையில் போய் உட்கார 10 முதல் 20 மில்லி விநாடி பிடிக்கும். உட்கார்ந்ததும் அடங்குவதில்லை, தரையில் விழுந்த கோலிக்குண்டு போலச் சில முறை துள்ளும். இக்கால டிரான்ஸீவரோ பொத்தானை அழுத்திய சில மில்லி விநாடிகளிலேயே முழுத் திறனையும் வெளியே தள்ளத் தயாராகிவிடும். ரிலே பாதி வழியில் இருக்கும்போதே மின் அலை வந்து சேர்ந்தால் தொடுமுனைகளுக்கிடையே பொறி பறக்கும். அந்தக் கணத்தில் பவர் ஆம்ப்ளிஃபயருக்கு எதிரே ஆன்டெனா இல்லை, வெற்று வெளிதான். போன திறன் அப்படியே திரும்பி வந்து அதன் டிரான்சிஸ்டர்களைத் தாக்கும். ப்ரீஆம்ப் பக்கம் நழுவிப் போகும் பங்கு சிறிதாக இருந்தாலும் போதும். சில நூறு மில்லிவாட்டையே தாங்காத சில்லு அது.

ஆகவே அனுப்பும் நிலைக்குப் போகும்போது முதலில் ப்ரீஆம்ப் விலக்கப்பட வேண்டும், அடுத்து ஆன்டெனா ரிலே மாறித் துள்ளல் அடங்க வேண்டும், அதன் பின் பவர் ஆம்ப்ளிஃபயர் விழித்துக்கொள்ள வேண்டும், எல்லாவற்றுக்கும் கடைசியாகவே டிரான்ஸீவரிலிருந்து மின் அலை புறப்பட வேண்டும். திரும்பி வரும்போது அதே வரிசை தலைகீழாக நடக்க வேண்டும்: முதலில் மின் அலை நிற்க வேண்டும், கடைசியில் ப்ரீஆம்ப் சேர வேண்டும். இதைப் பார்த்துக்கொள்வதுதான் படத்தில் நான் தேடிய அந்த நான்காவது பெட்டி; எங்கள் வழக்கில் அதற்குச் சீக்வென்சர் என்று பெயர்.

நான் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் எனக்கு இது பாம்பனை நினைவுபடுத்தாமல் இருப்பதில்லை. 1914-இல் திறக்கப்பட்டு நூறாண்டுக்கு மேல் உழைத்த பழைய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியைத் தொழிலாளர்கள் கையால் இயக்கித் திறந்ததை நம் ஊர்க்காரர்கள் பலர் சாலைப் பாலத்தின் மேல் நின்று பார்த்திருக்கிறோம். கப்பல் காத்திருக்கிறது என்பதற்காக யாரும் ஓடிப்போய்ப் பாலத்தைத் தூக்கிவிடுவதில்லை. ரயிலுக்கு வழி மறிக்கப்பட்ட பின்புதான் பூட்டு விடுபடும்; பூட்டு விடுபட்ட பின்புதான் இறக்கைகள் எழும்; இரண்டும் முழுதும் எழுந்து நின்ற பின்புதான் கப்பல் உள்ளே வரும். கப்பல் போன பிறகு பின்னிருந்து முன்னாக இவை அத்தனையும் மறுபடி நடந்தால்தான் அடுத்த ரயிலுக்குக் கை காட்டலாம். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் நடுப்பகுதி மின்சாரத்தால் செங்குத்தாக மேலே எழுகிறது. கை செய்த வேலையை மோட்டார் செய்கிறதே தவிர வரிசை மாறவில்லை.

இவ்வளவு தெரிந்திருந்தும் என் சொந்த நிலையத்தில் நான் ஏமாந்தேன். சுமார் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு கார்த்திகை மாத இரவு. வாடைக்காற்றும் தூறலுமாக இருந்தது. 144 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தூத்துக்குடிப் பக்கத்து நண்பர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். பழைய ரிக்கை (டிரான்ஸீவரை நாங்கள் இப்படித்தான் சொல்வோம்) மாற்றிப் புதியது வாங்கி இரண்டு நாள்கூட ஆகவில்லை. பேசி முடித்துப் பொத்தானை விட்டேன். வழக்கமாகக் காதில் விழும் இரைச்சல், நிரம்பிய குடத்தைக் கவிழ்த்ததுபோல ஒரே அடியாக இறங்கிவிட்டது. மீட்டர் முள் இடப்பக்கம் படுத்தே கிடந்தது. நண்பர் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாராம், எனக்குக் கேட்கவில்லை. மறுநாள் ஏணி போட்டு ஏறி, பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். ப்ரீஆம்பின் டிரான்சிஸ்டர் செத்திருந்தது. மின்னல் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு வேறொன்றை வைத்தேன். மூன்று வாரத்தில் அதுவும் போயிற்று. அன்று வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

பிறகுதான், மின்னழுத்தம் மாறுவதைத் திரையில் கோடாகக் காட்டும் ஒரு பழைய ஆசிலோஸ்கோப்பைக் கடன் வாங்கி வந்து அளந்தேன். என் ஏற்பாட்டில் பொத்தானிலிருந்து இரண்டு வயர்கள் போயின. ஒன்று ரிக்குக்கு, மற்றது ப்ரீஆம்ப் பெட்டிக்கு. இரண்டும் ஒரே கணத்தில் கட்டளை பெறும், அதன் பின் அவரவர் வேகம். பழைய ரிக்கின் உள்ளே இருந்த தடித்த ரிலே சோம்பேறி. பொத்தானை அழுத்திய 30 மில்லி விநாடிக்குப் பிறகே அதிலிருந்து திறன் வெளியே வரும். ப்ரீஆம்ப் பெட்டியின் ரிலே 24 மில்லி விநாடியில் மாறிவிடும். இடையில் இருந்த 6 மில்லி விநாடிதான் எட்டு ஆண்டுகள் என் ப்ரீஆம்பைக் காப்பாற்றியிருக்கிறது, எனக்குத் தெரியாமலேயே. புதிய ரிக் 8 மில்லி விநாடியில் திறனைத் தள்ளியது. ஒவ்வொரு முறை நான் பேசத் தொடங்கியபோதும் 16 மில்லி விநாடி நேரம் 50 வாட் திறன் நேராக ப்ரீஆம்பின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. நல்ல கருவி வாங்கியதால் கெட்டுப்போன நிலையம் என்னுடையது.

அந்த 24 மில்லி விநாடிக்குள்ளும் ஒரு செய்தி ஒளிந்திருந்தது. உயரத்தில் வைக்கும் ப்ரீஆம்பின் ரிலேக்களை, மின்சாரம் இல்லாதபோது ப்ரீஆம்பை விலக்கி ஆன்டெனாவை நேராகக் கேபிளோடு சேர்க்கும்படி அமைப்பதே முறை. வயர் அறுந்தாலும் பேட்டரி தீர்ந்தாலும் ப்ரீஆம்ப் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அப்படி அமைத்தால், அனுப்பும் நிலைக்கு மாறுவது என்பது ரிலே இழுக்கப்படுவது அன்று, விடுபடுவது. ரிலே சுருளின் குறுக்கே, அதை இயக்கும் டிரான்சிஸ்டரைக் காப்பதற்காக மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்றை எல்லாரும் வைப்போம். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் சுருளின் மின்னோட்டம் அந்த டையோடு வழியாகச் சுற்றிச் சுற்றி மெல்லத்தான் அடங்கும். அதுவரை தகடு ஒட்டிக்கொண்டே இருக்கும். இழுக்கும் நேரத்தைத்தான் விவரத்தாளில் முதலில் பார்க்கிறோம்; விடுபடும் நேரம் டையோடு வைத்ததும் இரண்டு மூன்று மடங்காக நீள்வதை யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. மின்னோட்டம் விரைவில் அடங்குவதற்காக அந்த டையோடுக்குத் தொடராக ஒரு 24 வோல்ட் ஜீனர் டையோடைச் சேர்த்தபோது விடுபடும் நேரம் 9 மில்லி விநாடியாகக் குறைந்தது. சில ரூபாய்ப் பாகம்.

சீக்வென்சரைச் செய்வதும் கடினமான வேலை அன்று. இரண்டு மின்னழுத்தங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் கம்பாரேட்டர்கள் நான்கு அடங்கிய எல்.எம்.339 என்ற ஐ.சி. ஒன்று போதும். பொத்தானை அழுத்தியதும் ஒரு மின்தேக்கி மெல்ல நிரம்பத் தொடங்கும். மின்னழுத்தம் ஒவ்வொரு மட்டத்தைத் தொடும்போதும் ஒரு கம்பாரேட்டர் மாறி ஒரு வேலையைச் செய்யும். நம் ஊருணிப் படித்துறையை நினைத்துக்கொண்டால் விளங்கிவிடும். மழையில் நீர் ஏறும்போது அடிப்படி முதலில் முழுகும், மேற்படி கடைசியில் முழுகும். கோடையில் வடியும்போது மேற்படி முதலில் வெளிவரும், அடிப்படி கடைசியில். போகும் வரிசையும் திரும்பும் தலைகீழ் வரிசையும் ஒரே மின்சுற்றில் தானாக அமைந்துவிடுகின்றன. இப்போது மாணவர்கள் ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையில் நான்கு வரி நிரல் எழுதி இதையே செய்கிறார்கள்; அதுவும் சரிதான், ஆனால் மின் அலை அருகில் பாயும்போது பலகை குழம்பிவிடாதபடி உலோகப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். படிக்கு 40 மில்லி விநாடி என்று வைத்தால் மொத்தம் 120 மில்லி விநாடியில் நிலையம் பேசத் தயார்.

நம் கடற்கரைக்கு அதுவும் போதாது என்பது என் கருத்து. இதைச் சொல்லவே முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். சீக்வென்சர் கடிகாரத்தை நம்புகிறது. 40 மில்லி விநாடி கழிந்துவிட்டது, ஆகவே ரிலே மாறியிருக்கும் என்று எண்ணிக்கொள்கிறது. மாறியிருக்கும் என்பது வேறு, மாறியது என்பது வேறு. நாங்கள் பணியாற்றிய துறையில், வண்டியை வேறு தடத்துக்குத் திருப்பும் பாயிண்டுக்குக் கட்டளை கொடுத்தோம், நேரமும் ஆயிற்று என்பதற்காகச் சிக்னலை இறக்க முடியாது. பாயிண்ட் நகர்ந்தது, பூட்டிக்கொண்டது என்று தண்டவாளத்தின் அடியிலிருந்தே மின்சாரம் வந்து சொன்னால்தான் சிக்னல் இறங்கும். அந்தச் சான்று வராவிட்டால், எத்தனை வண்டி காத்திருந்தாலும் சிவப்புதான்.

மண்டபத்திலும் தங்கச்சிமடத்திலும் கீழக்கரையிலும் வீட்டு ஜன்னல் கம்பியை ஒரு வருடம் சாயம் பூசாமல் விட்டால் என்னவாகும் என்று இங்குள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கன்னெக்டர்களில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. ரிலே பெட்டியின் மூடியில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால் உப்புக்காற்று உள்ளே போய்த் தகட்டின் கீலில் உட்கார்ந்துகொள்கிறது. இத்துடன் புயல் நேரத்தில் நிலையம் ஓடுவது கரண்டில் அன்று, 12 வோல்ட் பேட்டரியில். ஆன்டெனா கேபிளுக்கென்றே செய்யப்படும் நல்ல கோஆக்ஸியல் ரிலேக்கள் பலவும் 24 அல்லது 28 வோல்ட் கேட்பவை. அவற்றுக்காக வோல்ட்டேஜை உயர்த்திக் கொடுக்கும் சிறு சுற்று, பேட்டரி இறங்கிய பிறகு தள்ளாடும். அப்போது ரிலே பாதி இழுத்து நிற்கலாம், இழுக்காமலே இருக்கலாம். கடிகாரம் மட்டும் தவறாமல் 40 எண்ணிவிட்டு, போ என்று சொல்லிவிடும்.

இதற்கு வழி உண்டு. தரமான கோஆக்ஸியல் ரிலேக்கள் சிலவற்றில், தகடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டுவதற்கென்றே தனியாக ஒரு சிறு தொடுமுனை இருக்கும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதில் வயரே கொடுப்பதில்லை. அதைச் சீக்வென்சரின் கடைசிப் படியோடு தொடராக இணைத்துவிட்டால், ரிலே உண்மையிலேயே மாறினால் ஒழிய டிரான்ஸீவருக்குக் கட்டளை போகாது. ஒட்டிக்கொண்ட ரிலேயோடு நிலையம் ஊமையாக நிற்கும்; ஆனால் கேட்டுக்கொண்டே இருக்கும். எரிந்துபோன நிலையத்தைவிட அது எவ்வளவோ மேல்.

இக்கால டிரான்ஸீவர்கள் இதையெல்லாம் உள்ளேயே பார்த்துக்கொள்கின்றனவே என்று இத்துறை அறிந்த வாசகர் ஒருவர் கேட்கக்கூடும். தன் பெட்டிக்குள் இருப்பதை அது பார்த்துக்கொள்ளும். வெளியே நாம் தொங்கவிட்ட ப்ரீஆம்பும் ஆம்ப்ளிஃபயரும் இருப்பதே அதற்குத் தெரியாது. பொத்தானின் வயரை முதலில் சீக்வென்சருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கடைசிப் படியாக டிரான்ஸீவருக்குக் கொண்டுவருவது எளிய வழி. ஆனால் பேச்சொலி கேட்டுத் தானே மாறும் வசதியையோ, கணினி வழியாகக் கட்டளை கொடுப்பதையோ, மோர்ஸ் கீயைத் தொட்டதும் மாறுவதையோ பயன்படுத்தினால், டிரான்ஸீவர் சீக்வென்சரைக் கேட்காமல் தானே புறப்பட்டுவிடும். அவ்வகைப் பயன்பாட்டுக்கு, சீக்வென்சர் சொல்லும்வரை அனுப்பாமல் நிறுத்திவைக்கும், சில மாடல்களில் இருக்கும் தடுப்புக் கம்பியை இணைக்க வேண்டும். அல்லது அமைப்புப் பட்டியலில் அனுப்பும் தாமதம் என்று இருப்பதைத் தேடிக் கூட்டிவைக்க வேண்டும். கையடக்கக் கருவியை மட்டும் வைத்துப் பேசுகிறவருக்கு இக்கடிதத்தில் உள்ள எதுவும் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு, அதை மறைக்கக்கூடாது. மோர்ஸில் நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளியின் நீளம் 60 மில்லி விநாடி. ஒவ்வொரு நிலையத்துக்கும் பெயர்போல உள்ள அழைப்புக் குறிகள் நம் நாட்டில் பெரும்பாலும் வி.யு. என்று தொடங்குபவை. வி என்பது மூன்று புள்ளியும் ஒரு கோடும். யு என்பது இரண்டு புள்ளியும் ஒரு கோடும். நிலையம் மாறுவதற்குள் முதல் புள்ளி விழுங்கப்பட்டால் வி.யு. என்று நான் தட்டியது யு.யு. என்று காற்றில் போகும். மறுமுனையில் இருப்பவர் இராமநாதபுரத்துக்காரரை உக்ரைன் நாட்டவர் என்று எழுதிக்கொள்வார். இதைச் சிரித்துவிட்டு விடலாம். பேச்சில் நேர்வதைச் சிரித்துவிட முடியாது. இருபது, அறுபது, எழுபது ஆகிய சொற்களில் முதல் எழுத்து போய்விட்டால், புயல் இரைச்சலில் மீதியைக் கேட்டு எது எது என்று பிரிப்பது எவ்வளவு சிரமம் என்று சொல்லிப் பாருங்கள். முகாமில் இருப்பவர் எண்ணிக்கை அது என்றால் அனுப்பும் சோறு பாதியாகலாம். ஆகவே பயிற்சி கொடுக்கும்போதே, அழுத்து, ஒரு மூச்சு பொறு, பிறகு பேசு என்று பழக்க வேண்டும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்றால், இந்தக் கரைக்கு அதன் தேவை தெரியும் என்பதுதான் பதில். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் பயணிகள் ரயில் ஒன்றையே கடல் கொண்டுபோனது. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது, அமெச்சூர் வானொலிப் பயணமாக அந்தமான் சென்றிருந்த பாரதி பிரசாத் அவர்களின் குழு போர்ட் பிளேரிலிருந்து அந்தத் தீவுகளின் செய்திகளை வெளியுலகுக்குச் சேர்த்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது, கையில் செல்பேசி இருந்தும் பேச முடியாமல் நின்றவர்கள் நம்மிலும் இருந்தார்கள். அப்படிப்பட்ட நாளில்தான் இந்த நிலையம் முதன்முறையாக முழுத் திறனில், தொடர்ந்து மணிக்கணக்கில், பதற்றத்தில் அடிக்கடி அழுத்தியும் விட்டும் இயக்கப்படும். வருடத்தில் இரண்டு செயல்விளக்கத்தில் தாக்குப்பிடித்த ரிலே அன்று என்ன செய்யும் என்பதுதான் கேள்வி. சீக்வென்சர் வைக்க இயலாது என்றால், ப்ரீஆம்பையும் பவர் ஆம்ப்ளிஃபயரையும் கழற்றிவிட்டு டிரான்ஸீவரை நேராக ஆன்டெனாவோடு இணைத்துவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். தூரம் குறையும், ஆனால் நிலையம் இருக்கும்.

ஐப்பசி பிறக்கும் முன் சோதித்துவிட வேண்டும். ஆசிலோஸ்கோப் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. சீக்வென்சரின் நான்கு படிகளிலும் ஒவ்வோர் எல்.இ.டி. விளக்கை வைத்து, படிக்கு ஒரு விநாடி என்று தாமதத்தை நீட்டிவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். விளக்குகள் எந்த வரிசையில் எரிகின்றன, விட்டதும் எந்த வரிசையில் அணைகின்றன என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உச்சியில் ரிலே மாறும் டக் என்ற ஓசையைக் கம்பத்தில் காது வைத்தால் கேட்கலாம். பிறகு நான்கையும் 40 மில்லி விநாடிக்குக் கொண்டுவந்து, ஆன்டெனாவுக்குப் பதில், திறனை வெப்பமாக்கி விழுங்கிக்கொள்ளும் டம்மி லோடு இணைத்து, மிகக் குறைந்த திறனில் தொடங்க வேண்டும். பேட்டரியை வேண்டுமென்றே 11 வோல்ட் வரை இறங்கவிட்டு இதே சோதனையை மறுபடி செய்வதைத் தவிர்க்கக்கூடாது. குறைகள் அங்கேதான் வெளிப்படும்.

அந்தக் கல்லூரியினர் விரும்பினால் தங்கள் அலுவலகத்தின் வழியாக எனக்குத் தெரிவிக்கட்டும். அன்று கடன் வாங்கிய ஆசிலோஸ்கோப்பை உரியவர் பின்னர் எனக்கே கொடுத்துவிட்டார். திரை சற்று மங்கல், ஆனால் மில்லி விநாடியைச் சரியாகக் காட்டுகிறது. பேருந்தில் எடுத்துக்கொண்டு வந்து அளந்து கொடுக்கிறேன், கட்டணம் எதுவும் வேண்டாம். முழங்கால் இப்போது ஏணி ஏற விடுவதில்லை என்பதால், மேலே ஏற ஒரு மாணவரும் கீழே ஏணியைப் பிடிக்க இன்னொருவரும் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே சிக்னல் ஊழியர்,
அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.